எண்பது சிலேட்டும் ஒரு மூட்டைத் துணியும்

அவேட்டோ தொடக்கப் பள்ளி,
முதல் வகுப்பு.

அன்பும் மரியாதையும் மிக்க அமேயோ அக்காவுக்கு,

இரட்டையருக்குப் பின் பிறந்த உன் தம்பி டோட்சே தலை தாழ்த்தி எழுதுவது. நீ நல்லபடியாக எழுந்தாயா? வீட்டார் நல்லபடியாக எழுந்தார்களா? அத்தான் எழுந்தாரா, அவருடைய முழங்காலும் அவரோடு சேர்ந்து எழுந்ததா? லோமே சந்தையில் உன் துணிக்கடை எழுந்ததா? எதிர்க்கடைப் பெண்மணியோடு உனக்குப் பேச்சு திரும்பிவிட்டதா? திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் நலமாக இருங்கள். நானும் இங்கே தினமும் எழுந்துகொண்டுதான் இருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதி முடித்துவிடலாம்தான், ஆனால் அப்படி எழுதினால் இந்த ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

நீ அனுப்பிய துண்டுத்துணி மூட்டை வந்து சேர்ந்தது. அதற்கு முதலில் நன்றி. அந்த மூட்டையால் இங்கே என்னென்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதியில் நிறுத்திவிட்டு அத்தானைக் கூப்பிட்டு, "பாருங்க என் தம்பி பண்ணின கூத்த" என்று ஆரம்பிக்காதே. முழுவதும் படி. குற்றத்தில் உனக்கும் பாதி பங்கு உண்டு, அது எப்படி என்று பின்னால் வருகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்தை நீ பார்த்ததில்லை. ஒரே நீளக் கட்டடம், மேலே தகரம், நடுவே ஒரு பனையோலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை மதாம் எக்லூவின் கடைசி வகுப்பு. இந்த வருஷம் சான்றிதழ்ப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள், மூச்சைக்கூட அளந்து விடுகிறவர்கள். இந்தப் பக்கம் என் முதல் வகுப்பு. எண்பது பிள்ளைகள், எண்பது மரச்சட்ட சிலேட்டுகள். நாம் சின்ன வயதில் படித்த அதே முறைதான் இன்றும். நான் கணக்குச் சொல்வேன். அளவுகோலால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் எழுத வேண்டும், இன்னொரு தட்டுக்கு சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும், அடுத்த தட்டுக்குக் கீழே வைத்து அழிக்க வேண்டும். தூக்கும்போது சட்டம் பெஞ்சில் இடிக்கும், பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் இடிக்கும், சில சமயம் பக்கத்துப் பிள்ளையின் மண்டையில் இடிக்கும். கீழே வைக்கும்போது எண்பதும் ஒன்றாக இறங்கும். சரக்கு லாரியிலிருந்து பலகை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு நாளைக்கு எத்தனை கணக்கோ அத்தனை லாரி.

ஒரு நாள் மதாம் எக்லூ தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உயரமான பெண்மணி, கஞ்சி போட்ட தலைத்துணி, கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகிற ரகம்.

"முசியே டோட்சே, உங்க பக்கம் என்ன நடக்குது? பாடம் நடக்குதா, பாறை உடைக்கிறீங்களா?"

"பாடம்தான் மதாம். கூட்டல்."

"உங்க கூட்டல்ல என் பக்கம் கழித்தல் கெட்டுப்போகுது. இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வர்றார். அதுக்குள்ள இந்தச் சத்தம் நிக்கலன்னா உங்க வகுப்ப மாமரத்தடிக்கு மாத்தணும்னு எழுதி அவர் கையிலயே குடுத்துடுவேன். எனக்கு இந்தப் பிள்ளைங்க பரீட்சைல தேறணும். அவ்வளவுதான்."

அவரைக் குறை சொல்லமாட்டேன் அக்கா. அவர் பிள்ளைகளுக்காக அவர் பேசினார். ஆனால் அந்த மாமரத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. வெயில் காலத்தில் அதன் அடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. மழை தொடங்கிவிட்டால் சாலைத் தண்ணீர் முழுவதும் அதன் வேரைத் தேடித்தான் வரும். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முதல் வகுப்பை அங்கே வைத்தார்களாம். மழைக்காலம் முடியும்வரை பிள்ளைகள் வீட்டில். அந்த வகுப்பில் இருந்தவர்கள் இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டார்கள், இன்னும் தங்கள் பெயரை எழுதும்போது நடுவில் நிறுத்தி அடுத்த எழுத்து எது என்று கூரையைப் பார்க்கிறார்கள். என் எண்பது பிள்ளைகளும் கூரையைப் பார்த்துப் பெயர் எழுதுகிறவர்களாக ஆவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரட்டையருக்குப் பின் பிறந்தவன் பிடித்தால் விடமாட்டான் என்று நம் வீட்டில் நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தீர்கள். பிடித்தேன். இந்தச் சிலேட்டுகளை ஊமையாக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் நல்ல வார்த்தையில் ஆரம்பித்தேன். "கண்ணுங்களா, முட்டை வைக்கிற மாதிரி வைங்க" என்றேன். நல்ல பிள்ளைகள், சொன்னதைக் கேட்டன. ஒவ்வொன்றும் தன் சிலேட்டை முட்டையாகவே பாவித்து, பக்கத்தில் இருப்பவன் வைத்தபிறகு நாம் வைப்போம் என்று காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தன. முன்பு ஒரே அடியில் முடிந்துபோன சத்தம் இப்போது டொக், டொக், டொக் என்று வரிசையாகப் பின் பெஞ்சுவரை போய், அங்கே ஒரு பயல் மறந்துபோய்த் திரும்பத் தூக்கினதால் மறுபடி முன் பெஞ்சுக்கு வந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மதாம் எக்லூ சொல்வதெழுதச் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு வார்த்தை நிறுத்தி நிறுத்தி, கடைசியில் வாக்கியம் எங்கே ஆரம்பித்தது என்பதையே மறந்துவிட்டாராம்.

அடுத்தது ரப்பர். சைக்கிள் பழுதுபார்க்கிற சென்யோவிடம் போய்ப் பழைய டியூப் கேட்டேன். அவர் குவியலையே காட்டி, "எடுத்துக்கோங்க முசியே, ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா, பிள்ளைங்க கையில ரப்பரா?" என்றார். நான் யோசிக்கவில்லை. வாத்தியாருக்கு சைக்கிள்கடைக்காரர் பாடம் எடுப்பதா என்ற மிதப்பு வேறு. டியூபைப் பட்டை பட்டையாக நறுக்கி எண்பது சட்டத்துக்கும் இழுத்து மாட்டினேன். காலையில் அருமையாக இருந்தது. சிலேட்டு பெஞ்சில் விழுந்தால் சத்தமில்லை, கொஞ்சம் துள்ளும், அவ்வளவுதான். இடைவேளை முடிந்து வந்து பார்க்கிறேன், ஒரு சிலேட்டிலும் ரப்பர் இல்லை. வகுப்பில் இருக்கிற பயல்கள் அத்தனை பேர் கையிலும் கவண். பெண் பிள்ளைகள் மட்டும் சும்மா இருந்தார்களா என்றால் அவர்கள் களிமண் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மதாம் எக்லூ கரும்பலகையில் எட்டில் மூன்று என்று எழுதி முடித்த நேரம், உருண்டை ஒன்று தட்டிக்கு மேலே பறந்து போய் சரியாக அந்த மூன்றின் மேல் உட்கார்ந்தது. அவர் அதைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

"இது உங்க கூட்டலா முசியே?"

அன்று மாலை உனக்குக் கடிதம் எழுதினேன், மெத்தென்று இருக்கிற துண்டுத்துணி அனுப்பு, என்ன துணியானாலும் சரி என்று. அங்கேதான் உன் பாதிக் குற்றம் இருக்கிறது. என்ன துணியானாலும் சரி என்று ஒருவன் எழுதினால், துணி விற்கிற அக்கா அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கண்டித்திருக்க வேண்டாமா?

நம் பெண்கள் கட்டுகிற ஒவ்வொரு அச்சுத்துணிக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரிலேயே ஒரு பேச்சு உண்டு, வாயால் சொல்ல முடியாததை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார்கள் என்பது நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எந்தத் துணி என்ன பேசும் என்பது மட்டும்தான் தெரியாது. சிவப்பு, நீலம், கோழி, குடை, இப்படித்தான் நான் துணியைப் பார்த்து வந்திருக்கிறேன். ஆகவே மூட்டையைப் பிரித்து, ஒருவனுக்குக் கோழி ஒருவனுக்குக் குடை என்று கைக்கு வந்ததைக் கொடுத்து, மரவள்ளிக் கஞ்சி காய்ச்சிப் பசை போட்டு, ஓரத்தை நாரால் தைத்து, எண்பது சட்டத்துக்கும் சட்டை போட்டு முடித்தோம். பசை காய வெளியே வைத்தபோது ஆடுகள் வந்து நக்கின, அவற்றையும் விரட்டினோம்.

மறுநாள் காலையில் கணக்குச் சொன்னேன். ஐந்தும் இரண்டும். அளவுகோலால் தட்டினேன். எழுதினார்கள். தட்டினேன். எண்பது சிலேட்டும் மேலே போயின. சத்தம் இல்லை. தட்டினேன். எண்பதும் கீழே இறங்கின. சத்தம் இல்லை அக்கா! வாசலில் உருண்டைப் பணியாரம் சுடுகிறவளின் எண்ணெய் பொரிகிறது என் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எண்ணெய் பொரியும் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் பயந்துபோய் ஒருவரையொருவர் பார்த்தன. முன் பெஞ்சில் எலினம் என்று ஒரு சிறுமி, சிலேட்டைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"முசியே, என் சிலேட்டு செத்துப்போச்சா?"

"சாகலம்மா, தூங்குது" என்றேன். தட்டிக்கு மேலே கஞ்சி போட்ட தலைத்துணி மெல்ல எழும்பியது. மதாம் எக்லூ நாற்காலி மேல் ஏறி நின்று எட்டிப் பார்க்கிறார்.

"பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டீங்களோன்னு பார்த்தேன்" என்றார். எனக்கு அப்போது இருந்த பெருமைக்கு, அதே தட்டி மேல் ஏறி நின்று ஊருக்கே கையாட்டியிருப்பேன்.

மதியம் பிள்ளைகள் சிலேட்டோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த ஒன்றை நான் யோசிக்கவில்லை.

முதலில் வந்தது மசான். பனையெண்ணெய் லாரி ஓட்டுகிறவரின் மூத்த மனைவி, எலினத்தின் அம்மா. பின்னாலேயே ஓடி வந்தது ஜிஃபா, அதே லாரிக்காரரின் இளைய மனைவி, அவள் பையனும் என் வகுப்புதான். இரண்டு பேர் கையிலும் சிலேட்டு.

"முசியே, இத என் பொண்ணு கையில குடுத்து அனுப்பினது நீங்களா, இல்ல இவ சொல்லிக் குடுத்தீங்களா?" என்றாள் மசான். சட்டத்தைச் சுற்றிப் புகை வருகிற பானைகள் போட்ட துணி.

"அழகான துணிதானே?" என்றேன்.

"அழகா? இந்தத் துணி பேரு தெரியுமா உங்களுக்கு? 'சமைக்கத் தெரிஞ்சவ வந்துட்டா.' என் வீட்டுக்குள்ள, என் பொண்ணு கையால, என் அடுப்புக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்தி வெச்சா!"

"ஐயோ, நான் எதுவும் சொல்லல" என்று பாய்ந்தாள் ஜிஃபா. "என் பையன் சிலேட்ட மட்டும் பாருங்க. சாவி போட்டிருக்கு. 'சாவி என் இடுப்புல.' இது மூத்தவங்க கட்டுற துணி. இவங்கதான் முசியேகிட்ட பேசி என் வீட்டுக்கு அனுப்பிவெச்சிருக்காங்க. வேணும்னா சாவிய நேர்ல வந்து ஆட்டிக் காட்டட்டும், குழந்தை கையில குடுத்து அனுப்புறதா?"

"உன் வீட்டுக்கு அனுப்ப எனக்கென்னடி வேலையில்லையா?"

இப்போது புரிகிறதா அக்கா? மூத்தவளின் வீம்பு இளையவள் வீட்டுக்கும், இளையவளின் வீம்பு மூத்தவள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வேண்டுமென்றே திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது. நான் கையைக் கூப்பி, "பாருங்கம்மா, எனக்குத் துணி படிக்கத் தெரியாது" என்றேன். இரண்டு பேரும் சண்டையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் என்று சொல்லிக்கொண்டு இப்படி ஒருவனா என்கிற பார்வை. பிறகு சண்டையைத் தொடர்ந்தார்கள். அதற்குள் கோயில் உபதேசியாரின் மனைவி வந்துவிட்டார். அவர் பையனுக்கு நான் கொடுத்தது 'பகல்ல ஜெபம், ராத்திரில பாட்டில்' என்ற துணியாம். உபதேசியார் நல்ல மனிதர். துணி அவருக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று அங்கே கூடியிருந்த பெண்கள் விவாதிக்க ஆரம்பித்ததுதான் அந்த அம்மாளை அதிகம் நோகடித்தது. சந்தைக்குக் கிளம்பினவர்கள் சந்தைக்குப் போகவில்லை. கூடையைத் தலையில் வைத்தபடியே பள்ளிக்கூட முற்றத்தில் நின்று ஒருத்தி சிலேட்டை ஒருத்தி பிடுங்கிப் படித்தார்கள். மதாம் எக்லூ ஜன்னலையெல்லாம் சாத்திப் பார்த்தார். சாத்தின ஜன்னல் வழியாகவே சத்தம் உள்ளே போனது.

கடைசியில் அவர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"முசியே, சிலேட்டே தேவலை. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். நான் எழுதி வெச்சுட்டேன். மாமரத்தடிதான்."

மறைக்காமல் சொல்கிறேன் அக்கா, கண் கலங்கியது. ஆனால் தோற்றுப்போய் உட்காருகிறவனா நான்? நேராக அந்தப் பெண்கள் நடுவில் போய், மூட்டையில் மிச்சமிருந்ததை எல்லாம் முற்றத்தில் கொட்டி, பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன். "அம்மாமார்களே! நான் ஒரு முட்டாள். உங்க பிள்ளைங்க சிலேட்டுல என்ன துணி இருக்கணுமோ நீங்களே மாத்திக்கோங்க. ஆனா இன்னைக்கு ராத்திரி வர்றதுக்குள்ள மாத்துங்க. நாளைக்கு சிலேட்டு சத்தம் போட்டா உங்க பிள்ளைங்க மாமரத்தடிக்குப் போயிடும்."

சத்தம் அப்படியே அடங்கியது.

"மாமரத்தடிக்கா?" என்றாள் மசான். "மழையிலயா?"

"மழையிலதான்."

மசானின் பெரிய பையன்தான் அன்று மரத்தடியில் படித்தவர்களில் ஒருவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் ஜிஃபாவைப் பார்த்தாள். ஜிஃபா அவளைப் பார்த்தாள். அப்படி நேருக்கு நேர் அவர்கள் பார்த்துக்கொண்டு எத்தனை நாளாயிற்றோ. பிறகு மசான் குனிந்து, குவியலுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை உருவினாள். மஞ்சளில் சிவப்பு முக்காலிகள் போட்ட துணி. அதை உயர்த்திக் காட்டினாள். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள்.

"நீங்க கொஞ்சம் வெளில போய் நில்லுங்க முசியே" என்றாள் மசான்.

"நானும் உதவி..."

"நீங்க பண்ணின உதவி போதும். இது பொம்பளைங்க வேலை. போங்க."

போய் நின்றேன். வேறு எங்கே, அந்த மாமரத்தடியில்தான். அங்கிருந்து பார்த்தால் கத்தரிக்கோல்கள் மினுங்குவது மட்டும் தெரிந்தது. மூட்டையில் மஞ்சள் கொஞ்சம்தான் இருந்திருக்கிறது, எண்பது சட்டத்துக்கு எப்படிப் போதும்? பெண்கள் வீட்டுக்கு ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். மசான் தன் நல்ல சுற்றுத்துணியையே விரித்துப் போட்டு வெட்டினாள், விசேஷத்துக்கு மட்டும் எடுக்கிற துணி. ஜிஃபா எதிர்முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நல்ல துணியில் கத்தரி வைப்பது ஒரு பெண்ணுக்கு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் போகும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எண்பது சிலேட்டும் ஒரே மஞ்சள், ஒரே முக்காலி.

"இது என்ன துணி?" என்றேன்.

"மஞ்சத் துணி" என்றாள் மசான். சுற்றி நின்றவர்கள் தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கனத்த மனிதர், வேர்வை துடைக்கவே ஒரு கை தனியாக வைத்திருப்பவர். மதாம் எக்லூ மடித்த காகிதம் ஒன்றைக் கையில் பிடித்தபடி அவர் பின்னால் வந்து நின்றார். வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஏழும் இரண்டும்" என்றேன். தட்டினேன். எழுதினார்கள். தட்டினேன். சத்தமே இல்லாமல் எண்பது சிலேட்டும் மேலே எழுந்து நின்றன. இன்ஸ்பெக்டர் வேர்வை துடைப்பதை நிறுத்தினார்.

"ஆகா, எல்லாம் ஒரே மாதிரி! என்ன ஒழுங்கு!" என்றார். அவரும் என்னைப் போலத்தான், மஞ்சள் என்று மட்டும் பார்த்தார். மதாம் எக்லூ பெண். அவர் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சாயந்திரம் மசான் சொன்னபிறகுதான் விளங்கியது. அந்தத் துணியின் பெயர் 'உட்கார்ந்தாச்சு, எழுப்பாதே'. எண்பது தாய்மார்கள் எண்பது பிள்ளைகளின் தலைக்கு மேலிருந்து, வாய் திறக்காமல், ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மழை விழுந்தது. வருஷத்தின் முதல் மழை, தகரத்தின் மேல். தகரக் கூரையில் மழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? இன்ஸ்பெக்டர் வாயசைப்பது தெரிகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதாம் எக்லூவின் வகுப்பு நின்றுவிட்டது, சொல்வதெழுதுவதற்குச் சொல்வது கேட்க வேண்டுமே. என் அளவுகோல் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்கவில்லை. நான் அளவுகோலைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினேன், பிள்ளைகள் எழுதின. இன்னொரு முறை உயர்த்தினேன், தூக்கின. கரும்பலகையில் கணக்கு எழுதினேன், சிலேட்டில் விடை வந்தது. ஊரே செவிடாகிவிட்ட அந்த நேரத்தில் பாடம் நடந்த ஒரே இடம் என் வகுப்புதான். ஜன்னல் வழியாக மாமரம் தெரிந்தது. அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யாருடைய செருப்போ ஒன்று அதில் மிதந்து போயிற்று.

மதாம் எக்லூ அந்த மரத்தையே பார்த்தார். பிறகு மேலே நிற்கிற முக்காலிகளைப் பார்த்தார். பிறகு முன் பெஞ்சுக்கு வந்து எலினத்தின் சிலேட்டை வாங்கி, அவள் எழுதியிருந்த விடையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, ஏதோ எழுதி, என்னிடம் காட்டாமல் பிள்ளைகளிடம் திருப்பிக் காட்டினார். எலினம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் உதடு அசைவதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். "இருங்க." புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையை என் வகுப்பில் ஒரு பிள்ளை படித்தது அதுதான் முதல் தடவை அக்கா. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த பலகையைத் துடைத்தேன். இன்ஸ்பெக்டர் இதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்து மிகவும் திருப்தியாகத் தலையாட்டினார்.

மழை விட்டபோது மதாம் எக்லூ கையிலிருந்த காகிதத்தை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, குனிந்து, முன் பெஞ்சின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினார்.

"இந்த பெஞ்சும் சத்தம் போடுது முசியே" என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார்.

ஆக, எடுத்த காரியத்தை முடித்தேன். சிலேட்டு வாயை மூடிக்கொண்டது, கூரை எங்கள் தலைமேலேயே இருக்கிறது. மசானும் ஜிஃபாவும் மறுபடி சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் இப்போது நேருக்கு நேர், குழந்தைகளை நடுவில் விடாமல். இனி என் வாழ்நாளில் துணி என்று உன்னிடம் கேட்கமாட்டேன் என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் கடைக்கு வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டுப் போகாமல் வாங்கிக்கொண்டு போகட்டும். அத்தானின் முழங்கால் அத்தான் சொல்கிற திசையில் மடங்கட்டும். எதிர்க்கடைப் பெண்மணிக்கும் என் வணக்கத்தைச் சொல், உங்களுக்குள் பேச்சு இல்லையென்றால் அதற்குத் தக்க துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு சொல். முன்னோர்கள் உன் வாசலில் காவலிருக்கட்டும். இங்கே எண்பது பிள்ளைகளும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

பிடித்தால் விடாத உன் தம்பி,
டோட்சே.

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கில் வைத்த நேரம் வாசலில் லாரி வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பரிசு அனுப்பியிருக்கிறார். ஓசையில்லாமல் பாடம் நடத்தியதைப் பாராட்டி, எங்கள் பள்ளிக்கூடத்தின் எல்லா வகுப்புகளுக்கும் புத்தம்புது சிலேட்டுகள். உடையவே உடையாதாம். பலகையும் தகரம், சட்டமும் தகரம். பழைய சிலேட்டுகளை மற்றப் பள்ளிகளில் காட்டுவதற்காக இதே லாரியில் ஏற்றிவிட வேண்டுமாம், ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மசான் வாசலில் நின்று தன் துணி போவதைப் பார்க்கிறாள். என் பிள்ளைகள் புது சிலேட்டை ஒன்றோடு ஒன்று மோதிப் பார்த்துக் குதிக்கிறார்கள், இப்போது மதாம் எக்லூவின் பிள்ளைகளும் கூடவே. மதாம் எக்லூ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அக்கா கடையில அந்த மஞ்சத் துணி இன்னும் எவ்வளவு இருக்கு?" அக்கா, மேலே நான் எழுதினதையெல்லாம் மறந்துவிடு. இருப்பது அத்தனையும் அனுப்பு. எது என்ன துணி என்று சீட்டு எழுதிக் குத்த வேண்டாம். இப்போது எனக்கும் ஒரு துணி படிக்கத் தெரியும்.